கிணற்று ஆழத்திலிருந்து தொடங்குவோம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு எரிபொருள் சேமிப்பு வழிகாட்டி

பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் நிலத்தில் 40 அடிக் கிணறு ஒன்று இருக்கிறது. என் தாத்தா அதில் எருது பூட்டி இழுக்கும் கவலை ஏற்றம் கட்டி இறைத்தார். அப்பா காலத்தில் டீசல் என்ஜின் வந்தது. பிறகு மின்மோட்டார். இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. படிக்கட்டில் வேலிக்கருவை முளைத்திருக்கிறது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் 900 அடி ஆழத்துக்குத் துளை போட்டு, 400 அடியில் நிற்கும் நீரை சப்மெர்சிபிள் மோட்டார் மேலே தள்ளுகிறது. தாத்தாவின் எருதுகள் தின்ற வைக்கோல் அந்த ஆண்டு வெயிலில் விளைந்தது. என்ஜின் குடித்த டீசலும் மோட்டாருக்காக எரியும் நிலக்கரியும் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெயில். அந்தச் சேமிப்பை மூன்று தலைமுறைக்குள் நாம் இவ்வளவு வேகமாகக் கரைப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். "புதைபடிவ எரிபொருள்களைச் சேமிக்க வேண்டும்" என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள். எங்கே, எவ்வளவு, எப்படி என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கடற்கரை ஊருக்கும் நகரத்துக்கும் எழுதிய அறிவுரை நமக்கு முழுதாகப் பொருந்தாது என்பதும் ஒரு காரணம். நம் இரு மாவட்டங்களிலும் எரிபொருளைத் தின்பவை மேடு, ஆழம், தூரம். கணவாய் ஏறி இறங்கும் சாலைகள், பாதாளத்துக்குப் போய்விட்ட தண்ணீர், ஓசூருக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் தினமும் போய் வரும் வேலை. கீழே சொல்லும் படிகள் இவற்றைக் குறிவைத்தே அமைந்தவை.

முதலில் ஒரு சிறு அடிப்படை

நிலக்கரி என்பது சதுப்பு நிலக் காடுகள் புதைந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் கறுத்த பொருள். இந்தியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் பெரும்பாலும் பழங்கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சேற்றில் படிந்து உருவானவை. மூன்றும் படிவுப் பாறைகளில்தான் கிடைக்கும். நம் ஊரில் கிரானைட்டாக வெட்டி ஏற்றுமதி செய்கிறோமே, அந்தக் கடும்பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பூமியில் மரம் என்ற ஒன்றே தோன்றாத காலம் அது. ஆகவே தருமபுரியில் எவ்வளவு தோண்டினாலும் நிலக்கரி கிடைக்காது. அதே பாறைதான் நமக்குத் தண்ணீரையும் வெடிப்புகளில் மட்டும், ஆழத்தில் மட்டும் ஒளித்து வைத்திருக்கிறது. ஒரே பாறை நமக்கு எரிபொருளையும் தரவில்லை, எரிபொருள் தேவையையும் கூட்டிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்ன நாளில் மாணவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

நாம் எரிப்பது எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் அப்படியே. நமக்கு மிக அருகில் இருக்கும் பெரிய அனல்மின் நிலையம் மேட்டூரில் உள்ளது. திறன் 1,440 மெகாவாட். அதற்கான நிலக்கரி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் துறைமுகத்துக்கும், கப்பலில் எண்ணூருக்கும், மறுபடி ரயிலில் மேட்டூருக்கும் வந்து சேர்கிறது. சுவிட்சைத் தட்டும்போது அந்தப் பயணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவை வெறும் எரிபொருள்கள் மட்டுமல்ல. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சொட்டுநீர்க் குழாய், தக்காளி கிரேட், மூடாக்குத் தாள், சாலைத் தார், பெயின்ட், பல மருந்துகளின் மூலப்பொருள் எல்லாம் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிறப்பவை. புகையாகப் போய்விட்ட டீசலைக் கொண்டு யாரும் மருந்து செய்ய முடியாது. சேமிக்க வேண்டும் என்பதற்குப் புவி வெப்பமும் அந்நியச் செலாவணியும் எவ்வளவு பெரிய காரணங்களோ, அவ்வளவு பெரிய காரணம் இதுவும்.

படி 1: ஒரு மாதக் கணக்கு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் எழுதுங்கள். 40 பக்க நோட்டு போதும். சமையலறைக் கதவில் தொங்கவிடுங்கள். எழுத வேண்டியவை: சிலிண்டர் மாட்டிய தேதி, வண்டிகளுக்குப் போட்ட பெட்ரோல் அல்லது டீசல் லிட்டரில், அப்போதைய கிலோமீட்டர் எண், மின்மீட்டர் அளவு, மோட்டார் ஓடிய மணிநேரம், டிராக்டர் வாடகைக்கு வந்திருந்தால் ஓட்டிய நேரம், வாங்கிய யூரியா மூட்டை. விலையை எழுதாதீர்கள். விலை அரசு மாற்றினால் மாறும். லிட்டரும் கிலோவும்தான் உங்கள் கையில் இருப்பவை.

மாத முடிவில் இந்த எண்களை வைத்துப் பெருக்குங்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. டீசலானால் சுமார் 2.7 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, எப்படி 2.3 கிலோ வரும் என்று மாணவர்கள் கேட்பார்கள். எரியும்போது அதிலுள்ள கரிமம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடும் எடை ஆக்சிஜனுடையது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ. நிலக்கரியில் பிறந்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி எரிந்திருக்கும்.

எங்கள் வீட்டு நோட்டில் முதல் மாதம் எனக்குக் கிடைத்த அதிர்ச்சி பெட்ரோலில் இல்லை. வண்டியைத்தான் பெரிய குற்றவாளி என்று எண்ணியிருந்தேன். மோட்டார் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அதற்கு ரசீதே வருவதில்லை. ரசீது இல்லாததை நாங்கள் எண்ணியதே இல்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 2: தண்ணீர்

கணக்கைப் பாருங்கள். 1,000 லிட்டர் நீரை 400 அடி, அதாவது சுமார் 122 மீட்டர், மேலே தூக்க இயற்பியல் கேட்பது 0.33 யூனிட். ஆனால் மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் இழப்பு உண்டு. எல்லாம் சேர்த்து 40 விழுக்காடு திறன் என்று வைத்தால் 0.8 யூனிட் ஆகிறது. அதற்கான நிலக்கரி அரைக் கிலோவுக்கு மேல். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை வாய்க்கால் பாசனம் செய்ய 2 லட்சம் லிட்டர் வேண்டும். 160 யூனிட். 110 கிலோ நிலக்கரி. ஒரே ஒரு தண்ணீருக்கு இரண்டு மூட்டைக்கு மேல் நிலக்கரியை எரிக்கிறோம்! தாத்தாவின் 40 அடிக் கிணற்றில் நீர் நின்றிருந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இதிலிருந்து மூன்று வேலைகள் பிறக்கின்றன.

முதலாவது, குறைவாக இறைப்பது. தக்காளி, கத்தரி, மா, மலர்ச் சாகுபடி எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்ப் பாசனம் பொருந்தும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வயல் வரைபடம் கேட்பார்கள். மானியத்தில் வாங்கி வரப்பில் சுருட்டி வைத்திருப்பவர்களை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். உப்பு அடைத்துவிட்டது என்பார்கள். நம் போர்வெல் நீர் கடினமானது. சொட்டுவான்கள் அடைக்கத்தான் செய்யும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி அடைப்பைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓட விடுங்கள். உப்புப் படிவுக்கு அமிலச் சுத்திகரிப்பு உண்டு. அதைத் தோட்டக்கலை அலுவலரிடம் அளவு கேட்டு, கையுறையோடு செய்யுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, இறைப்பதைத் திறமையாக இறைப்பது. மோட்டாரை மேலே தூக்கும் நாளில்தான் இதற்கு வாய்ப்பு. காயில் கட்ட ஆகும் செலவைப் பற்றி மட்டும் கடைக்காரரிடம் பேசாமல், உங்கள் நீர்மட்ட ஆழத்தையும் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நீரையும் எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற பம்பு எது என்று கேளுங்கள். ஊரில் ஒருவர் 10 எச்.பி. போட்டால் அடுத்தவரும் 10 போடுகிறார். போர்வெல் தரும் நீர் ஒன்றரை அங்குலம்தான் என்றால் பெரிய மோட்டார் நீரைக் கூட்டாது. நீர் இல்லாமல் ஓடி எரிந்துபோகும். வெளியேற்றும் குழாய் குறுகலாக இருந்தால் உராய்வில் திறன் போகிறது. செங்கோணமாக ஒடியும் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போடுங்கள். தொட்டியில் விழும் குழாயை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டி அருவிபோல் விழவைப்பது பார்க்க அழகு. அந்த உயரத்துக்கும் நிலக்கரி எரிகிறது. திறந்த கிணற்று மோட்டாராக இருந்தால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைக் கவனியுங்கள். அகலமான துளைகள் கொண்ட நல்ல வால்வு மாற்றுவது சிறு செலவு. பலன் உடனே தெரியும்.

மூன்றாவது, நீரை மேலே கொண்டுவருவது. மற்ற இரண்டையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். நீர்மட்டம் 400 அடியிலிருந்து 300 அடிக்கு ஏறினால் ஒவ்வொரு லிட்டருக்கும் கால் பங்கு மின்சாரம் மிச்சம், நிரந்தரமாக. பழைய கிணற்றைக் குப்பைக் குழி ஆக்காதீர்கள். வயலில் ஓடும் மழைநீர் முதலில் ஒரு சிறு வண்டல் குழியில் தங்கி, பெரிய கல், சரளை, மணல் அடுக்கிய வடிகட்டிக் குழியில் இறங்கி, அதன் பிறகு கிணற்றுக்குப் போகட்டும். வற்றிய போர்வெல்லுக்கும் இதே முறைதான். கேசிங் குழாயைச் சுற்றிக் குழி வெட்டி, குழிக்குள் இருக்கும் பகுதியில் சிறு துளைகள் இட்டு, நைலான் வலையால் இறுகச் சுற்றி, கீழே கல், அதன்மேல் சரளை, மேலே மணல் என்று நிரப்ப வேண்டும். மாட்டுத் தொழுவக் கழிவோ உரம் போட்ட வயலின் முதல் மழை நீரோ நேராக உள்ளே போகக் கூடாது. அது குடிநீரைக் கெடுக்கும். கைவிட்ட போர்வெல்லின் வாயை எப்போதும் மூடி வையுங்கள். குழந்தைகள் விழுந்த செய்திகளை நாம் போதுமான அளவு படித்துவிட்டோம்.

சூரிய பம்புசெட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தருகிறது. ஆழம் குறைந்த கிணறு உள்ளவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. 900 அடித் துளைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். அமைத்தவர்களும், வெயில் இலவசம் என்பதால் நாள் முழுவதும் ஓட விடாதீர்கள். எரிபொருள் மிச்சமானாலும் நிலத்தடி நீர் மிச்சமாகாது.

படி 3: அடுப்பு

எங்கள் வீட்டில் இந்தப் படியை நடத்தியவர் அம்மா. முதல் மாதம் 32 நாள் வந்த சிலிண்டர் மூன்றாவது மாதம் 41 நாள் வந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

கொள்ளு, மொச்சை, துவரை மூன்றும் நம் மண்ணின் பயறுகள். மூன்றும் வேக நேரம் எடுப்பவை. கொள்ளையும் மொச்சையையும் முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள். துவரம் பருப்புக்கு அரை மணி ஊறல் போதும். பிறகு குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். உள்ளே கொதிநிலை வந்த பின் பெருந்தீ வைத்தால் விசில்தான் அதிகம் வரும். பருப்பு விரைவாக வேகாது. களி கிண்டும்போது உலைநீரை மூடி போட்டுக் கொதிக்கவிட்டு, மாவு போட்டதும் தீயைக் குறைத்து, வெந்ததும் அணைத்துவிட்டுக் கிண்டலாம். கேழ்வரகுக் களியின் சூடு எளிதில் போகாது என்பது அதைச் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது உப்பு. தருமபுரி நீரில் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் காரை வெப்பத்தைத் தடுக்கிறது. அதற்குக் கடையில் மருந்து வாங்க வேண்டாம். புளிக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையை நீரோடு அந்தப் பாத்திரத்தில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் தேய்த்தால் காரை இளகிவிடும். புளியின் அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கிறது. (அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள்.) இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று: நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு போவதற்காகத் தண்ணீரை நெடுநேரம் கொதிக்க வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கொதித்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ பாத்திரத்தின் அடி கரிந்தாலோ பர்னர் துளைகளை ஊசியால் சுத்தம் செய்யுங்கள். தீ பாத்திர ஓரம் தாண்டி வெளியே நக்கினால் அந்த அளவுக்குச் சமையலறையைத்தான் சூடாக்குகிறீர்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலையும் மாவையும் சிறிது நேரம் வெளியே வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

விறகுக்குத் திரும்பச் சொல்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். மூடிய சமையலறைப் புகையில் இருமிய பெண்களின் தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். எரிவாயு அவர்களுக்கு வந்த விடுதலை. அதை வீணாக்காமல் இருப்பதுதான் கேள்வி.

மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலனை யோசியுங்கள். 1 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு கறவை மாடுகள் போதும். சாணமும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்ற வேண்டும். 1 கன மீட்டர் சாண வாயு சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஒழுங்காக ஓடினால் மாதம் ஏறக்குறைய ஒரு சிலிண்டர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் வாயு குறையும், வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கொஞ்சம் தாங்கும். வெளியே வரும் கழிவு நல்ல எரு.

அதே குளிர்ப் பகுதியினருக்கு இன்னொன்று. ஒரு வாளி, 20 லிட்டர், குளிக்கும் சூட்டுக்கு வர ஹீட்டர் கம்பி அரை யூனிட் எடுக்கிறது. ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு இரண்டரை யூனிட். கூரையில் 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அந்தச் செலவே இராது.

படி 4: சாலை

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: விட்டுவிடுங்கள். டீசலும் மிச்சமாகாது. இப்போதைய என்ஜின்களில் கியர் போட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் என்ஜினைச் சுழற்றுகிறது. எரிபொருள் செலுத்துவது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் தானே ஓட வேண்டும். அதற்கு டீசல் குடிக்கிறது. அதாவது கியரில் இறங்குவதே சிக்கனம். மேலும் நியூட்ரலில் வண்டியின் முழு எடையும் பிரேக் மீது விழுந்து டிரம் சூடேறி, கடைசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போகிறது. சாவியையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கான காற்றழுத்தமும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். அந்தச் சாலையில் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள்.

மேட்டில் ஏறும்போது வேகம் தளர்ந்த பிறகு கியரை மாற்றி என்ஜினைத் திணறவைக்காமல், முன்கூட்டியே ஒரு கியர் குறைத்துச் சீராக ஏறுங்கள். இருசக்கர வண்டிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம்தான் பெட்ரோலுக்கு உகந்தது. வாரம் ஒருமுறை, காலையில் சக்கரம் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். நடு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சரசரவென்று உரசி உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். கிரஷர் தூசி பறக்கும் சாலையில் போகிறவர்கள் காற்று வடிகட்டியைக் கம்பெனி சொன்ன காலத்துக்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டும்.

மின்வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனாலும் ஊர்ப்பெருமையை ஒதுக்கிவிட்டு எண்ணைப் பார்ப்போம். 100 கிலோமீட்டருக்கு மின் ஸ்கூட்டர் சுமார் 3 யூனிட் எடுக்கும். அது முழுக்க நிலக்கரி மின்சாரமாகவே இருந்தாலும் சுமார் 3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டி அதே தூரத்துக்கு 4.6 கிலோ. பகல் வெயிலில் சார்ஜ் போட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆனால் நன்றாக ஓடும் பழைய வண்டியை இதற்காக விற்க வேண்டாம். அடுத்து வாங்கும்போது யோசித்தால் போதும்.

தருமபுரிக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இப்போது இல்லை, வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோரிக்கையை நான் எரிபொருள் கோரிக்கையாகவே பார்க்கிறேன். அதுவரை பஸ்ஸே வழி. 50 பேர் ஏறிய ஒரு பஸ், 50 வண்டிகள் குடிப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் குடிக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒரே ஷிப்டில் போகிறவர்கள் ஒரு தெருவிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். இரண்டு வண்டியில் நான்கு பேர் போகலாம், இருவருக்கும் தலைக்கவசத்தோடு.

படி 5: டிராக்டரும் உரமும்

டிராக்டரில் முதலில் டீசல் சொட்டுகிறதா என்று பாருங்கள். என் தம்பியின் டிராக்டரில் டீசல் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு கசிந்துகொண்டிருந்தது. "ஒரு சொட்டுதானே, அக்கா" என்றான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல். கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டினேன். அன்று மாலையே வாஷர் மாற்றிவிட்டான்.

இலேசான வேலைக்கு உயர்ந்த கியரும் குறைந்த த்ராட்டிலும் போதும். கறும்புகை வந்தால் பாரம் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வயலை நீளவாக்கில் உழுதால் திரும்பும் நேரம் குறையும். கொழு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளில் உழுதால் பாதி வேலையை மண்ணே செய்துவிடும்.

உரக்கடையில் யூரியா மூட்டையைத் தூக்கும்போது உங்கள் தோளில் எரிவாயு இருக்கிறது. 45 கிலோ மூட்டை ஒன்றைத் தயாரிக்க ஆகும் ஆற்றல், ஒன்றரை வீட்டு சிலிண்டருக்கும் அதிகம். அதை வெயிலில் ஈர மண்மேல் தூவிவிட்டுப் போனால் அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மண் பரிசோதனை செய்து, பிரித்துப் பிரித்து இட்டு, மண்ணோடு கலந்துவிடுங்கள். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. அளவை அங்கே கேளுங்கள். நம் பெரியவர்கள் கேழ்வரகு வரிசைகளுக்கு நடுவே மொச்சையும் துவரையும் விதைத்ததற்கு இந்தக் கோணத்திலும் பொருள் இருக்கிறது. அந்தப் பயறுகளின் வேர்முடிச்சுகள், காற்றிலுள்ள தழைச்சத்தை எரிவாயு இல்லாமலேயே மண்ணில் சேர்க்கின்றன.

படி 6: கூரை

பழைய மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. என்ற புது மோட்டார் வகை சுமார் 30 வாட். நாள் முழுவதும் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள், விருந்தினர் அறை விசிறி காத்திருக்கட்டும். ஏ.சி. இருந்தால் 24 பாகைக்குக் கீழே போக வேண்டாம். மாவு அரைப்பது, தொட்டி நிரப்புவது, துணி துவைப்பது ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றுங்கள். பகலில் சூரிய மின்சாரம் கம்பியில் நிறைய இருக்கும். மாலை 6 மணிக்குப் பின் அது மறைந்து, அனல்மின் நிலையங்கள் அந்தச் சுமையை ஏற்கின்றன.

கூரை சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024 முதல் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம் தருகிறது. நம் பகுதியில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். தெற்கு நோக்கி, 12 பாகை அளவில் சாய்த்து, தென்னை நிழல் விழாத இடத்தில் அமைக்கச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது வேலை செய்யாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை முன்பே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இராது.

எதை முதலில் செய்வது

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எதுவும் நிற்காது. நிலம் இல்லாதவர்கள் அடுப்பும் வண்டியும் பார்த்தால் போதும். இரண்டுக்கும் பணச்செலவே இல்லை. நிலம் இருப்பவர்கள் தண்ணீரில் தொடங்குங்கள். ஆவணி, புரட்டாசியில் நமக்கு மழை வரும். வண்டல் குழியும் வடிகட்டிக் குழியும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்; மழை வந்த பின் வெட்டிய குழியில் சேறுதான் நிற்கும். எங்கள் பழைய கிணற்றில் வேலிக்கருவையை வெட்டியாயிற்று. கல்லும் சரளையும் வரப்பில் இறங்கிவிட்டன. மணல் மட்டும் பாக்கி. சனிக்கிழமை தம்பி டிராக்டரில் கொண்டுவருகிறான், ஒரே நடையில்.